தவறான போல்ட் எப்படிப் பொருந்தியது: பர்மிங்காம் முன்கண்ணாடி நிகழ்வு, 1990

எதற்காக இந்த நிகழ்வு

பணியிடத்தில் ஒரு பிழை நடந்ததும் "யார் செய்தது?" என்றுதான் முதலில் கேட்கிறோம், ஆள் யாரென்று தெரிந்ததும் விசாரணையும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் 5390ஆம் எண் விமானத்தில் விமானியின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போன நிகழ்வில் இந்தக் கேள்விக்கு விடை காண்பது கடினமாக இருக்கவில்லை. அந்தக் கண்ணாடியை மாற்றியவரும், அந்த ஷிஃப்டை மேற்பார்த்தவரும், வேலை சரியாக முடிந்தது என்று கையொப்பமிட்டவரும் ஒருவரே. அவரைத் தண்டித்துக் கோப்பை மூடியிருந்தால், உரிய ஆளைப் பிடித்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சியிருக்கும்.

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு அப்படிச் செய்யவில்லை. அனுபவமும் நற்பெயரும் கொண்ட ஒருவர் ஒரே இரவில் எப்படி இத்தனை தவறான முடிவுகளை எடுத்தார், அவற்றில் ஒன்றுகூட ஏன் அவருக்குத் தவறாகத் தெரியவில்லை என்று அது படிப்படியாகத் தேடியது. 1992இல் வெளியான அதன் அறிக்கை இன்றும் விமானப் பராமரிப்பில் மனிதக் காரணிகள் (மனித இயல்பும் பணிச்சூழலும் வேலையை எப்படிப் பாதிக்கின்றன என்பது) பற்றிய வகுப்புகளில் பாடமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தொழிற்சாலை, மருந்துக் கிடங்கு, அச்சகம் என்று எங்கே வேலையை வடிவமைப்பவருக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு என்பதால், நிகழ்வை நடந்த வரிசையிலேயே இங்கே பதிவு செய்கிறேன். இதில் வருபவர்கள் பதவியாலும் பணியாலும் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள்.

பின்னணி

விமானம் பிஏசி ஒன்-இலெவன் வகையைச் சேர்ந்தது; 1960களின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. இவ்வகை விமானத்தில் விமானி அறையின் முன்கண்ணாடி வெளிப்பக்கமிருந்து பொருத்தப்படுகிறது. உயரே போகப்போக உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கண்ணாடியை வெளியே தள்ளப் பார்க்கும். அதைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள 90 போல்ட்கள் மட்டுமே. உள்ளிருந்து பொருத்தும் வடிவமைப்பாக இருந்தால் அதே அழுத்தம் கண்ணாடியைச் சட்டத்தோடு மேலும் அழுத்திப் பிடித்திருக்கும்; போல்ட்கள் பலவீனமாக இருந்தாலும் கண்ணாடி வெளியே போக வழியில்லை. பிழையைத் தாங்கும் தன்மை ஒரு பொருளின் வடிவத்திலேயே இருக்கலாம், அல்லது அதைக் கையாளும் மனிதரின் கவனத்தின் மீது ஏற்றி வைக்கப்படலாம். இங்கே அது மனிதர்மீது ஏற்றப்பட்டிருந்தது.

இந்த நிகழ்வில் மூன்று வகைப் போல்ட்கள் வருகின்றன. உதிரிபாகப் பட்டியலின்படி கண்ணாடிக்கு உரியது ஏ211-8டி. அதே தடிமனும் பத்தில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 2.5 மில்லிமீட்டர் குறைந்த நீளமும் கொண்டது 7டி. மூன்றாவதான 8சி, நீளத்தில் 8டியைப் போன்றது; ஆனால் விட்டத்தில் 0.026 அங்குலம் குறைந்தது. மில்லிமீட்டரில் சொன்னால் 0.66, ஆறேழு எழுதும் தாள்களை அடுக்கினால் வரும் கனம். 8சி, 8டி இரண்டின் மரைகளும் அங்குலத்துக்கு 32 சுற்று என்ற ஒரே நெருக்கத்தில் வெட்டப்பட்டவை. ஆகவே 8டிக்கான நட்டில் 8சியைத் திருகினால் அது முரண்டு பிடிக்காது. தளர்வாக, ஆனால் ஒழுங்காகவே உள்ளே போய்விடும்.

ஜூன் 8 இரவும் 9 அதிகாலையும்

பர்மிங்காம் விமான நிலையத்தில் இருந்த நிறுவனத்தின் பராமரிப்புக் கூடத்தில் அன்றிரவு ஆள் பற்றாக்குறை. காலைக்குள் முடிக்க வேண்டிய வேலைகளில் இந்த விமானத்தின் இடப்பக்க முன்கண்ணாடியை மாற்றுவதும் ஒன்று. மற்றவர்களை வேறு வேலைகளிலிருந்து இழுக்காமல், ஷிஃப்ட் மேலாளர் அதைத் தாமே செய்துவிட முடிவெடுத்தார். அவர் உரிமம் பெற்ற பொறியாளர். முன்பும் முன்கண்ணாடி மாற்றியிருக்கிறார். ஆனால் கடைசியாக மாற்றிச் சுமார் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பராமரிப்புக் கையேட்டைப் புரட்டி நினைவைப் புதுப்பித்துக்கொண்டார். சிக்கலில்லாத வேலையாகத் தெரிந்தது.

பழைய கண்ணாடியைக் கழற்றியபோது போல்ட்கள் பலவும் சேதமடைந்தும் பெயிண்ட் அடைத்தும் இருப்பதைப் பார்த்தார். அவற்றையே மறுபடி போடுவது சரியல்ல என்று எண்ணிப் புதியவை போட முடிவு செய்தார். அன்றிரவு எடுத்த முடிவுகளில் மிகவும் பொறுப்பான முடிவு இதுதான். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வாசலைத் திறந்ததும் இதுதான். கழற்றியவை 7டி. அவையே பட்டியலுக்குப் பொருந்தாதவை. முன்பு யாரோ ஒருவர் போட்டவை. ஆனாலும் அவை அதுவரை கண்ணாடியைப் பிடித்து வைத்திருந்தன.

ஒரு பழைய போல்ட்டை மாதிரியாக எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். அங்கிருந்த நீண்ட அனுபவமுள்ள ஸ்டோர் மேற்பார்வையாளர், அந்தக் கண்ணாடிக்கு 8டிதான் போடுவார்கள் என்று சொன்னார். ஆனால் அதை வற்புறுத்தவில்லை. கழற்றியது 7டி, ஆகவே போட வேண்டியதும் 7டி என்று ஷிஃப்ட் மேலாளர் தீர்மானித்தார். ஸ்டோரின் இழுப்பறையில் 7டி போல்ட்கள் நான்கைந்துதான் கிடந்தன. குறைந்தது 50 இருப்பு இருந்திருக்க வேண்டியது. பட்டியலைப் பார்க்கவும், கணினியில் இருந்த இருப்பு முறையைத் தட்டிப் பார்க்கவும் வழி இருந்தது. இரண்டும் நடக்கவில்லை.

விமான நிலையத்தின் வேறொரு பகுதியில், ஆள் காவல் இல்லாத பொது உதிரிபாக அடுக்கு ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பதிவு கிடையாது. வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனார். வெளிச்சம் மங்கல், இழுப்பறைகளின் லேபிள்கள் தேய்ந்திருந்தன. கையில் இருந்த பழைய போல்ட்டோடு ஒவ்வொன்றாக வைத்து, கண்ணாலும் விரலாலும் ஒப்பிட்டு, ஒத்திருப்பதாகத் தோன்றியவற்றை எடுத்தார். படிப்பதற்கு அவருக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்படும். அப்போது அதை அணிந்திருக்கவில்லை. எடுத்தவை 8சி.

இனி பொருத்தும் கட்டம். இங்கேதான் தவறு வெளிப்பட்டிருக்க வேண்டும். வெளிப்பட மூன்று வழிகளும் இருந்தன. முதலாவது, கையின் உணர்வு. குறிப்பிட்ட முறுக்கு விசை வந்ததும் விட்டுக்கொடுத்து 'டிக்' என்று உணர்த்தும் ஸ்க்ரூடிரைவரை அவர் பயன்படுத்தினார். சிறிய போல்ட்டின் மரை நட்டுக்குள் வழுக்கியபோது கைக்கு எட்டிய உணர்வு, கருவி விசையை எட்டி விட்டுக்கொடுக்கும் உணர்வைப் போலவே இருந்தது. தோல்வி தந்த சமிக்ஞையும் வெற்றி தரும் சமிக்ஞையும் கைக்கு ஒன்றாகிப் போயின.

இரண்டாவது, கண். 8சியின் தலை சிறியது. அதற்கான குழிவுக்குள் அது அமிழ்ந்து, சுற்றிலும் இடைவெளி விட்டுத்தான் உட்காரும். நேராகப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஸ்க்ரூடிரைவரின் பிட்டை, அதாவது கழற்றி மாட்டும் முனையை, பிடித்து வைக்கும் அமைப்பு பழுதாகியிருந்ததால் பிட் அடிக்கடி கழன்று விழுந்தது. ஒரு கையால் கருவியைத் திருப்பி, மறு கையால் பிட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மறு கை போல்ட்டின் தலையை மறைத்தது. ஏறி நிற்கும் மேடையும் உரிய இடத்தில் நிறுத்தப்படவில்லை. விமானத்தின் மூக்குக்குக் குறுக்கே எக்கி, உடலை நீட்டித்தான் திருக முடிந்தது. அந்த நிலையில் பார்ப்பதைவிட எட்டுவதே பெரிய வேலை.

மூன்றாவது, ஒப்பீடு. பக்கத்தில் சரியான போல்ட் ஒன்று உட்கார்ந்திருந்தால் வேறுபாடு கண்ணில் பட்டிருக்கும். அவர் போட்ட 90இல் 84 போல்ட்கள் 8சி, மீதி ஆறு 7டி. பெரும்பான்மை ஒரே மாதிரித் தவறாக இருக்கும்போது தவறே இயல்பாகத் தெரியும்.

வேலை முடிந்ததும் அவரே கையொப்பமிட்டார். விதிப்படி அதில் பிழை இல்லை. முன்கண்ணாடி மாற்றத்துக்கு இரண்டாம் நபரின் சோதனை அன்று கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை. பொருத்திய பின் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனையையும் கையேடு கேட்கவில்லை.

ஜூன் 10 காலை

சுமார் 27 மணி நேரம் கழித்து, கண்ணாடி மாற்றிய பிறகான முதல் பறப்பாக, விமானம் ஸ்பெயினின் மலகாவுக்குப் புறப்பட்டது. பயணிகள் 81 பேர், விமானி அறையில் இருவர், கேபின் பணியாளர் நால்வர். உள்ளூர் நேரம் 8.20க்குக் கிளம்பிய விமானம் பதின்மூன்று நிமிடங்களில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் டிட்காட் பகுதிக்கு மேலே 17,300 அடியை எட்டியபோது இடப்பக்க முன்கண்ணாடி வெளியே பறந்தது. தலைமை விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். கால்கள் மட்டும் கட்டுப்பாட்டுக் கருவிகளில் சிக்கி நின்றன. விமானி அறையின் கதவு பெயர்ந்து உள்ளே விழுந்தது. ஓடி வந்த பணியாளர் ஒருவர் அவரை இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ள, பிறகு மற்றவர்கள் மாறி மாறிப் பிடித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றே எண்ணினாலும் விட்டுவிடவில்லை.

துணை விமானி விமானத்தைக் கீழிறக்கி, காற்றின் இரைச்சலில் தரையிலிருந்து வரும் பதில் கேட்காத நிலையிலும் 8.55க்கு சவுதாம்ப்டனில் தரையிறக்கினார். தலைமை விமானிக்கு எலும்பு முறிவுகளும் பனிக்கடியும் அதிர்ச்சியும் ஏற்பட்டிருந்தன. ஐந்து மாதங்களுக்குள் வேலைக்குத் திரும்பினார். அவரைப் பிடித்திருந்த பணியாளரும் காயமடைந்தார். உயிரிழப்பு இல்லை. இது பெரும்பாலும் விமானி அறையில் இருந்தவர்களின் திறமையாலும் கொஞ்சம் அதிர்ஷ்டத்தாலும் வந்தது. பராமரிப்பு முறையின் எந்தத் தடுப்பும் இதற்குப் பங்களிக்கவில்லை.

விசாரணை கண்டது

கழன்று விழுந்த கண்ணாடியும் போல்ட்கள் பலவும் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சோல்ஸி அருகே கிடைத்தன. அவற்றை அளந்ததுமே நேரடிக் காரணம் தெரிந்துவிட்டது. விசாரணைப் பிரிவு அதன் பிறகும் நிற்காமல், நடத்தை உளவியலாளர் ஒருவரின் உதவியோடு ஷிஃப்ட் மேலாளரின் வேலைமுறையை ஆராய்ந்தது. அவர் அலட்சியக்காரரல்லர் என்பதும், அவருடைய வேலைமுறை அந்தக் கூடத்தின் பிறரிடமிருந்து பெரிதாக விலகியதல்ல என்பதும் அப்போது தெரிந்தன. அளவெடுக்காமல் மாதிரி வைத்து ஒப்பிடுவது, பட்டியலைப் பார்க்காமல் அனுபவத்தை நம்புவது, கையில் கிடைத்த கருவியை வைத்துச் சமாளிப்பது ஆகியவை அங்கே அன்றாட நடைமுறையாக இருந்திருக்கின்றன. வேலை முடிந்து விமானங்கள் நேரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்ததால் அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. நிறுவனத்தின் தரத் தணிக்கையோ ஒழுங்குமுறை ஆணையத்தின் பார்வைகளோ ஷிஃப்ட் மேலாளர்கள் இரவில் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை நேரில் நின்று பார்த்திருக்கவில்லை.

இரண்டாம் நபர் சோதனை ஏன் கட்டாயமாக இல்லை என்பது தனியே கவனிக்கத் தக்கது. ஒரே இடத்தில் தவறாகப் பொருத்தினாலே விமானத்தை வீழ்த்திவிடக் கூடிய புள்ளிகளுக்கு மட்டும் இரட்டைச் சோதனை என்று அன்றைய பிரிட்டிஷ் விதி வகுத்திருந்தது. 90 போல்ட்களில் ஒன்றோ இரண்டோ போனாலும் கண்ணாடி நிற்கும். எனவே அது அந்தப் பட்டியலில் இல்லை. இந்தக் கணக்கு ஒரு போல்ட் தனியாகப் பழுதாவதற்குச் சரி. ஒரே மனிதர், ஒரே இரவில், ஒரே இழுப்பறையிலிருந்து எடுத்த போல்ட்களை வரிசையாகப் போடும்போது 90 போல்ட்களும் 90 தனித்தனிப் பாதுகாப்புகளாக இருப்பதில்லை. ஒரே முடிவின் பிரதிகளாகிவிடுகின்றன. எண்ணிக்கையைக் காட்டிப் பாதுகாப்பைக் கணக்கிடும் எந்தத் துறையிலும் இந்தப் பிழை ஒளிந்திருக்கலாம். மூன்று பேர் சரிபார்க்கிறார்கள் என்று சொல்லும் அலுவலகத்தில் மூவரும் ஒரே நகலைப் பார்த்துச் சரிபார்க்கிறார்களா என்று கேட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

அவருடைய முடிவுகள், அவர் நின்ற இடத்திலிருந்து

பின்னால் வந்து படிப்பவருக்கு ஒவ்வொரு முடிவும் அப்பட்டமான தவறாகத் தெரிகிறது. அன்றிரவு அங்கே நின்றவருக்கு அவை எப்படித் தெரிந்திருக்கும் என்பதைப் பார்த்தால்தான் முறையை மாற்ற முடியும்.

தாமே வேலையில் இறங்கியது, ஆள் குறைவான இரவில் நல்ல மேலாளர் செய்யும் காரியம். அதன் விலை அந்த நேரத்தில் கண்ணுக்குப் படுவதில்லை: அவர் திருகத் தொடங்கியதும் அந்த ஷிஃப்டில் அவருடைய வேலையைப் பார்க்கும் மேற்பார்வையாளர் இல்லாமல் போனார். கழற்றியதைப் போன்றதையே போடுவது என்பதும் பழுது பார்க்கும் தொழில் எதிலும் கைப்பழக்கமாக இருப்பது. விமானத்தில் இருந்தது சரியானதாகத்தான் இருக்கும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. முன்பு ஒருவர் செய்த பிழை அந்த அனுமானத்தின் வழியாக இவருடைய வேலைக்குள் நுழைந்தது.

ஸ்டோர் மேற்பார்வையாளரின் சொல்லைத் தள்ளியதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. சரியான விடை, சரியான நேரத்தில், சரியான ஆளிடமிருந்து வந்தது. ஆனால் உரிமம் பெற்ற பொறியாளரான மேலாளரின் தீர்மானத்துக்கு முன்னால் அது ஒரு கருத்தாக மட்டுமே நின்றது. அதை வற்புறுத்தும் அதிகாரத்தை எந்த நடைமுறையும் ஸ்டோர்காரருக்குக் கொடுத்திருக்கவில்லை. "பாகத்தின் எண்ணைப் பட்டியலில் காட்டினால்தான் தருவேன்" என்று சொல்ல அவருக்கு ஒரு விதி இருந்திருந்தால், அது இருவருக்கும் இடையிலான கௌரவப் பிரச்சினையாகாமல் வெறும் நடைமுறையாக முடிந்திருக்கும். பதவியில் கீழுள்ளவர் துணிந்து பேச வேண்டும் என்று அறிவுரை சொல்வது எளிது; அவர் துணிய வேண்டிய தேவையே வராதபடி விதியை அவர் கையில் கொடுப்பதுதான் வடிவமைப்பவரின் வேலை.

ஆளில்லாத அடுக்குக்குப் போனதும் இதே வகை. ஸ்டோரில் இருப்பு 50 இருந்திருந்தால் அவர் அங்கேயே 7டி எடுத்திருப்பார். பட்டியலுக்குப் பொருந்தாத ஆனால் அதுவரை நின்றிருந்த போல்ட்களோடு விமானம் பறந்திருக்கும், இப்படி ஓர் அறிக்கையும் வந்திருக்காது. இருப்பு வைக்கத் தவறிய ஒருவர், அடுக்கின் லேபிளைப் புதுப்பிக்காத ஒருவர், பழுதான பிட் பிடிப்பானை மாற்றாமல் திருப்பி வைத்த ஒருவர் என்று பெயர் தெரியாத பலரின் சில்லறைத் தவறுகள், வேலை செய்தவரின் கையில் வந்து சேர்ந்தன.

இந்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: எந்த இடத்திலும் வேலை அவரை எதிர்க்கவில்லை. தவறான போல்ட் நட்டுக்குள் போகாமல் நின்றிருந்தால், கருவி வேறு மாதிரி ஒலித்திருந்தால், ஸ்டோர் கதவு எண்ணைக் கேட்டிருந்தால், அவருடைய அனுபவமே அவரைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கும். திறமையான தொழிலாளி தடை வந்த இடத்தில் யோசிப்பவர். தடை வராத இடத்தில் வேகமாகப் போகிறவர்.

பின்விளைவுகள்

அறிக்கை எட்டுப் பரிந்துரைகளை வைத்தது. செய்தவரே சான்றளிக்கும் முறையை விமானப் போக்குவரத்து ஆணையம் மறுபடி ஆராய வேண்டும். நிறுவனம் தன் தர உறுதி முறையைத் திருத்தி, தளத்தில் வேலை செய்பவர்களிடமிருந்து தகவல் மேலே வர வழி செய்ய வேண்டும். ஷிஃப்ட் மேலாளரும் அதற்கு மேலுள்ளவர்களும் எதற்குப் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பர்மிங்காம் கூடத்தின் வேலைமுறைகளை வெளியாள் ஒருவர் ஆழமாகத் தணிக்கை செய்ய வேண்டும் என்பவை முக்கியமானவை. பார்வைக்கு மூக்குக்கண்ணாடி பரிந்துரைக்கப்பட்ட பொறியாளர் வேலையின்போது அதை அணிய வேண்டியதன் தேவையை அங்கீகரிக்கச் சொன்னதும் ஒன்று. சின்ன விஷயமாகத் தோன்றினாலும், கண்ணை அளவுகோலாக நம்பும் தொழிலில் அந்தக் கண்ணை யாரும் சோதிப்பதில்லை என்பதை அது சுட்டியது.

பரிந்துரைகளோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 1993 ஆகஸ்டில் கேட்விக்கிலிருந்து கிளம்பிய ஓர் ஏர்பஸ் ஏ320 விமானத்தில், பராமரிப்பின்போது முடக்கி வைத்த இறக்கைத் தடுப்புத் தகடுகள் பழைய நிலைக்குத் திருப்பப்படாமலே ஷிஃப்ட் கைமாறி, விமானம் புறப்பட்டுவிட்டது. 1995 பிப்ரவரி 23 அன்று ஒரு போயிங் 737-400 விமானத்தின் இரண்டு என்ஜின்களிலும் ஒரே இரவில் உட்புறச் சோதனை நடத்தி, கழற்றிய மூடிகளைத் திரும்பப் போடாமல் விட்டதால் இரண்டிலும் எண்ணெய் கிட்டத்தட்ட முழுதும் வடிந்து, அது லூட்டனில் அவசரமாக இறங்கியது. இரவு ஷிஃப்ட், ஆள் பற்றாக்குறை, மேற்பார்வையாளரே வேலையில் இறங்குவது, கையேட்டிலிருந்து விலகிச் சமாளிப்பது என்று பர்மிங்காமில் பார்த்தவை அங்கும் வெவ்வேறு அளவில் இருந்தன. இரண்டு என்ஜின்களிலும் ஒரே கை வேலை செய்தது, 90 போல்ட்களின் கதையையே மறுபடி சொல்கிறது.

இந்த நிகழ்வுகளின் பாடம் மெல்ல மெல்ல விதிகளுக்குள் நுழைந்தது. பராமரிப்பு நிறுவனங்களுக்கான ஐரோப்பிய விதித் தொகுப்பு, மனிதக் காரணிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. முக்கியமான பராமரிப்பு வேலை முடிந்தபின் பிழையைப் பிடிக்கும் ஒரு முறை இருந்தாக வேண்டும் என்றும் கேட்கிறது. இந்தியாவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ, பராமரிப்பு நிறுவனங்களுக்கு வகுத்துள்ள சிஏஆர்-145 என்ற விதித் தொகுப்பு அந்த ஐரோப்பியத் தொகுப்பைத் தழுவியது. ஆகவே நம் விமான நிலையங்களின் பராமரிப்புக் கூடங்களும் இதே சிந்தனையின் கீழ்தான் இயங்குகின்றன.

இதே வேலையை இன்று வடிவமைத்தால்

இனி வருபவை என் கருத்துகள். முதலில், பாகத்தின் எண்ணை வேலை செய்பவர் தேடக் கூடாது. திட்டமிடும் பிரிவு உதிரிபாகப் பட்டியலிலிருந்து எண்ணை எடுத்து ஜாப் கார்டில் (அந்த வேலைக்கான குறிப்பு அட்டையில்) அச்சிட்டு, 90 போல்ட்களையும் எண்ணி உறையிலிட்டு, வேலை தொடங்கும் முன் விமானத்தின் அருகே வைத்துவிட வேண்டும். பழைய போல்ட்டைப் போடலாமா, புதியதா என்ற கேள்வியே அப்போது எழாது. கழற்றியவை உறையில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டால் அந்த வேறுபாடே ஒரு புகாராகப் பதிவாக வேண்டும்; இந்த நிகழ்வில் 7டி போல்ட்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது யோசனைக்குச் செலவு அதிகமில்லை. 8டியின் தண்டு ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டர், 8சியின் தண்டு 4.1. ஓர் உலோகத் தகட்டில் 4.4 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு உதிரிபாக அடுக்கோடு சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டால் போதும்: துளைக்குள் போகும் போல்ட் இந்த வேலைக்கு ஆகாது. மங்கிய வெளிச்சமும் வெள்ளெழுத்தும் அந்தத் தகட்டைப் பாதிக்காது. டொயோட்டா தொழிற்சாலைகளில் ஷிகியோ ஷிங்கோ வளர்த்தெடுத்த போகா-யோகே என்ற முறையின் உள்ளடக்கம் இவ்வளவுதான்; தவறான பொருள் தானாகவே பொருந்த மறுக்கும்படி செய்வது. பயிற்சி வகுப்புக்கு ஆகும் செலவில் இப்படிப் பல தகடுகள் அடிக்கலாம் என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

ஆளில்லா அடுக்கை மூடிவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இரவில் அவசரத்துக்குக் கிடைக்கும் உதிரிபாகத்தைப் பூட்டி வைத்தால், ஆட்கள் தங்கள் பெட்டிகளில் சொந்தச் சேமிப்பை வைத்துக்கொள்ளத் தொடங்குவார்கள். அது இன்னும் மோசம். அடுக்கு இருக்கட்டும், ஒத்த தோற்றமுள்ள அளவுகள் அடுத்தடுத்த இழுப்பறைகளில் இருக்கக் கூடாது, வெளிச்சம் போதுமானதாக இருக்க வேண்டும், எடுத்தவர் எண்ணை எழுதி எடுக்க வேண்டும். கருவியிலும் இதே நோக்கு வேண்டும்: 'டிக்' என்று மட்டும் சொல்லும் கருவியைவிட, எட்டிய விசையை முள்ளில் காட்டும் கருவி வழுக்கலையும் இறுக்கத்தையும் பிரித்துக் காட்டும். அழுத்தச் சோதனை செய்திருந்தால் தரையிலேயே கண்ணாடி அசைந்திருக்கலாம். இத்தகைய வேலைக்கு அதைக் கையேட்டில் சேர்க்கத் தயங்கக் காரணமில்லை.

மேலாளர் கையால் வேலை செய்யவே கூடாது என்று விதிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆள் குறைவான இரவுகள் இனியும் வரும். ஆனால் அவர் திருகிய இரவில் அந்த வேலைக்குச் சான்று தருவது வேறொருவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் விமானம் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதத்துக்கு மேலாளரிடம் விளக்கம் கேட்கக் கூடாது என்பதை நிறுவனம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் விதி காகிதத்தில் இருக்கும், கையொப்பம் காலை ஆறு மணிக்குள் எப்படியாவது விழுந்துவிடும்.

இரட்டைச் சோதனை பற்றி ஓர் எச்சரிக்கை. இரண்டாமவர் முதலாமவரின் பக்கத்தில் நின்று, அவர் எடுத்த போல்ட்டையே பார்த்து, அவர் சொன்ன எண்ணையே கேட்டுக் கையொப்பமிட்டால், அது முன்பு சொன்ன ஒரே முடிவின் மற்றொரு பிரதி. பர்மிங்காமில் அப்படி ஒருவர் இருந்திருந்தாலும், வரிசையாக உட்கார்ந்த 90 தலைகளைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டிருக்க வாய்ப்புண்டு. ஆகவே இரண்டாமவரின் வேலையைத் தனியாக வடிவமைக்க வேண்டும்: அவர் முதலாமவரிடம் எதையும் கேட்காமல் பட்டியலைத் தாமே திறந்து எண்ணை எழுதி வர வேண்டும், உரிய இடத்தில் நிறுத்திய மேடையில் ஏறி, ஏதேனும் சில போல்ட்களைக் கழற்றச் சொல்லித் தகட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகே ஜாப் கார்டு அவர் கைக்கு வர வேண்டும்.